அல்பா உயர்ந்திருக்கிறது, மறுசோதனை தாழ்ந்திருக்கிறது: எதை நம்பித் தரவு சேகரிப்பைத் தொடங்குவது?

கண்டாவளை_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு ஒன்றைக் கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளை, கரைச்சி ஆகிய பிரதேச செயலாளர் பிரிவுகளில் மேற்கொண்டு வருகிறேன். ஆரம்ப வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாருக்கு இருக்கும் உளநெருக்கீட்டை 24 வினாக்கள் கொண்ட வினாக்கொத்தினாலும், அதே பிள்ளைகள் வகுப்பறையில் மற்றவர்களிடமிருந்து ஒதுங்கியிருக்கும் நடத்தையை நேரடி அவதானத்தினாலும் அளந்து, இரண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். வினாக்கொத்தைத் தாய்மாரிடம் கொடுத்து நிரப்பச் சொல்வதில்லை. கள உதவியாளர்கள் இருவர் வாசித்துக் காட்டி விடையைத் தாமே குறித்துக்கொள்கிறார்கள்.

முன்னோடி ஆய்வில், வினாக்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குரொன்பாக் அல்பா 0.90 ஐத் தாண்டியது. வகுப்பறையில் அவதானித்த இருவரும் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே முடிவையே எழுதியிருந்தார்கள். மேற்பார்வையாளர் இவ்விரண்டையும் பார்த்துவிட்டு, 0.70 இருந்தாலே போதுமானது, தாராளமாகத் தொடங்கலாம் என்றார். ஆனால் தாய்மாரில் முப்பது பேரிடம் மூன்று கிழமை கழித்து அதே வினாக்கொத்தை மறுசோதனைக்காக மீண்டும் கொண்டுபோனபோது, முதற்சுற்றுப் புள்ளியும் இரண்டாம் சுற்றுப் புள்ளியும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதைக் காட்டும் இணைபுக் குணகம் 0.5 அளவிலேயே நின்றுவிட்டது.

ஒரே வினாக்கொத்து ஒரு கணக்கில் மிக நம்பகமானதாகவும் இன்னொரு கணக்கில் நம்ப முடியாததாகவும் எப்படி இருக்க முடியும்? இரண்டில் எதை நான் ஏற்பது? இது தெளியாமல் நானூறு வீடுகளுக்கு ஆட்களை அனுப்ப மனம் வரவில்லை.

முத்தையன்கட்டு_வாத்தியார் எழுதியது:

பிள்ளை, இரண்டு எண்களும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு வந்த விடைகள். ஆசிரிய பயிற்சியில் அளவீடும் மதிப்பீடும் கற்பித்த காலம் முழுவதும், நம்பகத்தன்மை என்பது வினாத்தாளோடு ஒட்டிப் பிறந்த குணம் என்ற எண்ணத்தைக் களைவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வினாக்கொத்துக்கு நம்பகத்தன்மை கிடையாது. குறித்த ஒரு குழுவிடம், குறித்த ஒரு சூழ்நிலையில், அதைக் கொண்டு பெற்ற புள்ளிகளுக்கே அது உண்டு.

உளவியலாளர் ஸ்பியர்மன் 1904 இல் தொடக்கிவைத்த சிந்தனையின்படி, நாம் பெறும் புள்ளி உண்மைப் புள்ளியும் வழுவும் சேர்ந்தது. ஆட்களுக்கிடையே புள்ளிகள் வேறுபடுவதில் எவ்வளவு பங்கு உண்மையான வேறுபாட்டினால் வந்தது என்பதே நம்பகத்தன்மைக் குணகம். கேட்பதற்கு இலகுவாக இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், எதை வழு என்று கொள்வது என்பதை ஒவ்வொரு குணகமும் தன் போக்கில் முடிவு செய்துகொள்கிறது. அல்பாவுக்குத் தெரிந்த வழு ஒன்றே ஒன்றுதான்: ஒரே இருக்கையில் கேட்ட வினாக்கள் தமக்குள் ஒத்துப்போகாமல் இருப்பது. அன்றைக்கு அந்தத் தாய்க்குத் தலையிடி இருந்ததா, கேட்டவர் யார், பக்கத்தில் மாமியார் இருந்தாரா என்பவை எல்லா விடைகளையும் ஒரே பக்கமாகத் தள்ளுமானால், அல்பாவின் கண்ணில் அது வழுவாகப் படாது, மாறாக ஒத்திசைவாகவே படும். ஆகையால் அன்றைய நாளின் விபத்துகள் அனைத்தும் உண்மைப் புள்ளியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். மறுசோதனை அந்த விபத்துகளையே வழுவாகப் பிடிக்கிறது.

இனி 0.90 என்ற எண்ணைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். வினாக்களுக்கிடையிலான இணைபின் சராசரி 0.3 மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பெரிய ஒற்றுமை அல்ல. அப்படிப்பட்ட 6 வினாக்களுக்கு நியமப்படுத்திய அல்பா 0.72 வரும், 12 வினாக்களுக்கு 0.84 வரும், 24 வினாக்களுக்கு 0.91 வரும். வினாக்கள் சிறிதும் திருந்தவில்லை, எண்ணிக்கை மட்டுமே கூடியது. இதை ஸ்பியர்மனும் பிறவுணும் 1910 இல் தனித்தனியாக எழுதிய சூத்திரத்திலிருந்தே காணலாம். போதாததற்கு, ஒரே கவலையைச் சொல்லை மாற்றி ஆறு தரம் கேட்டிருந்தால் அல்பா இன்னும் மேலே போகும். ஒரே சாட்சியை ஆறு முறை கூண்டில் ஏற்றிவிட்டு ஆறு சாட்சிகள் சொன்னதாகத் தீர்ப்பு எழுதுவதுபோல அது.

உங்கள் வினாக்கள் யாவும் ஒரே திசையில் எழுதப்பட்டவையா என்று பாருங்கள். வாசித்துக் காட்டும்போது எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் இருப்பார்கள், அத்தகைய விடைகள் அல்பாவை உயர்த்துமே தவிரத் தாழ்த்தாது. அதற்காக வினாவின் கடைசியில் "இல்லை" என்பதை ஒட்டிவிடவும் வேண்டாம். காதால் கேட்பவருக்கு எதிர்மறை வினாவுக்கு விடை சொல்வது குழப்பம். "கடந்த கிழமை நிம்மதியாக நித்திரை கொண்டீர்களா" என்பதுபோல நல்ல நிலையையே கேட்கும் வினாக்கள் சிலவற்றைக் கலப்பது நல்லது.

0.70 பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உளவியல் அளவீடு பற்றிய நூலில் நன்னலி 1978 இல் எழுதியது, ஆய்வின் தொடக்க நிலையில் அந்த அளவு போதும் என்பதே. அடிப்படை ஆய்வுக்கு 0.80 என்றும், தனி ஆளைப் பற்றி முக்கிய முடிவு எடுக்கும் இடத்தில் 0.90 என்பதே ஆகக் குறைந்த அளவு, 0.95 இருப்பது விரும்பத்தக்கது என்றும் அவரே அடுத்து எழுதினார். முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது நம் பல்கலைக்கழகங்களில் மட்டும் நடப்பதல்ல. அல்பாவுக்குப் பெயர் தந்த குரொன்பாக்குக்கும் இந்த மனக்குறை இருந்தது. அவர் 1951 இல் வெளியிட்ட அதே சூத்திரத்தை 1945 இலேயே குட்மன் வேறு பெயரில் தந்திருந்தார். குரொன்பாக் மறைந்த பின் 2004 இல் வெளியான கட்டுரையிலோ, பெரும்பாலான தரவுகளை ஆராய அல்பாவே மிகப் பொருத்தமான வழி என்று தாம் இப்போது கருதவில்லை என்று அவரே கூறியிருக்கிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுசோதனையின் 0.5 ஐ வேதவாக்காக எடுக்கச் சொல்லவும் மாட்டேன். முப்பது பேரிடம் கிடைத்த 0.5 இன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.17 முதல் 0.73 வரை விரிகிறது. ஆகவே உங்கள் மறுசோதனை நன்றாகவும் இருக்கலாம், மிக மோசமாகவும் இருக்கலாம்.

மல்லாவி_களப்பணி எழுதியது:

வாத்தியார் ஐயா கணக்கின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் களத்தின் பக்கத்திலிருந்து சில கேள்விகள் கேட்கிறேன். தங்கச்சி, முதற்சுற்றுக்கு எந்த மாதத்தில் போனீர்கள்? பெரும்போக அறுவடைக்கு முன்னரா, நெல் விற்ற பின்னரா? அறுவடைக்கு முந்திய கிழமைகளில் வன்னியின் வயற்கிராமங்களில் நகை அடகில் இருக்கும், உரக்கடைக் கணக்கு ஏறியிருக்கும், மழை இன்னொரு தரம் பெய்தால் கதிர் சாய்ந்துவிடும் என்ற பயமும் இருக்கும். நெல் விலைப்பட்டு அடகு மீண்ட பிறகு அதே பெண் அதே வினாவுக்கு வேறு விடை சொன்னால், அது வினாக்கொத்தின் பிழை அல்ல. அவருடைய நிலைமையே மாறியிருக்கிறது. குழுக்கடன் வசூல் நாளுக்கு முதல்நாள் கேட்பதும் மறுநாள் கேட்பதும்கூட ஒன்றாக இராது.

மற்றது, யார் கேட்கிறார் என்பது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இங்கே படிவம் நிரப்பாத வீடு கிடையாது. வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம், மலசலகூடம், கிணறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் வந்தது, ஒவ்வொரு படிவத்துக்கும் பின்னால் ஒரு பெயர்ப்பட்டியலும் வந்தது. துணுக்காய்ப் பக்கத்துப் பொதுநோக்கு மண்டபம் ஒன்றில் நான் இருந்தபோது, வினாத்தாளோடு வந்திருந்த பெண்பிள்ளையின் முகத்தை ஒரு தாய் பார்க்கவே இல்லை, அவருடைய கண் பேனை முனையிலேயே இருந்தது. "சில வேளை" என்ற கட்டத்தை நோக்கிப் பேனை போனதும் கையை நீட்டி மறித்து, "அடிக்கடி எண்டதிலயே போடுங்கோ பிள்ளை, இல்லாட்டி என்ர பேர் விடுபட்டுப் போகும்" என்றார். அந்த ஆய்வுக்கும் எந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. பாடசாலையில் பிள்ளைக்கு ஏதாவது பெயர் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்று 24 வினாவையும் இரண்டு நிமிடத்தில் முடித்து அனுப்புவார்கள். ஐயா சொன்ன விளக்கத்தின்படி பார்த்தால் இவ்விரு வகையினருமே உங்கள் அல்பாவை உயர்த்தியிருப்பார்கள்.

ஆகவே கிராம அலுவலர் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துவதைத் தவிர்க்கப் பாருங்கள். அனுமதி அவரிடம் பெறத்தான் வேண்டும், ஆனால் கேட்கும்போது அவர் முற்றத்தில் நிற்கக் கூடாது. பெயர் எழுதும் தாளும் விடை குறிக்கும் தாளும் வேறுவேறாக இருப்பதைத் தாயின் கண்முன்னே காட்டுங்கள். வாயால் சொல்லும் உறுதிமொழியைவிட அது பயன் தருவதைக் கண்டிருக்கிறேன்.

கண்டாவளை_மாணவி எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. அக்கா கேட்ட கேள்வி எனக்கு நன்றாகவே உறைத்தது. முதற்சுற்று அறுவடைக்குச் சற்று முன்னர், இரண்டாம் சுற்று அறுவடை தொடங்கிய பின். அத்தோடு முதற்சுற்றில் ஒவ்வோர் உதவியாளரும் தத்தம் ஊருக்கு அண்மையான கிராமங்களையே எடுத்துக்கொண்டார்கள், இரண்டாம் சுற்றில் ஒருவருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டதால் மற்றவரே எல்லா வீடுகளுக்கும் போனார். அப்படியென்றால் காலம் மாறியதா, கேட்டவர் மாறியதா என்று இப்போது பிரித்தறிய முடியாதல்லவா?

ஓமந்தை_அவதானி எழுதியது:

கையில் உள்ள தரவிலிருந்து பிரிக்க முடியாது. ஒரு பகுதித் தாய்மாருக்குக் காலமும் கேட்பவரும் சேர்ந்தே மாறியிருக்கின்றன, மற்றப் பகுதியினருக்குக் காலம் மட்டும் மாறியிருக்கிறது. அந்த இரண்டாவது பகுதியினரின் இணைபைத் தனியே கணித்துப் பார்க்கலாம் என்றாலும், அவர்கள் ஏறக்குறைய பதினைந்து பேராகவே இருப்பார்கள் என்பதால் அந்த எண்ணை நம்பி எதையும் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலுக்கென்றே உருவானதுதான் பொதுமைப்படுத்தல் கோட்பாடு. வழு என்பதை ஒரே மூட்டையாகக் கட்டி வைக்காமல், வினாவினால் வருவது எவ்வளவு, கேட்பவரால் வருவது எவ்வளவு, நாளினால் வருவது எவ்வளவு என்று மாறற்றிறனை, அதாவது புள்ளிகள் வேறுபடும் அளவை, கூறுபோட்டுக் காட்டுவது அதன் பணி. 1963 இல் குரொன்பாக், இராசரத்தினம், கிளேசர் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையும், நந்தாவும் சேர்ந்துகொள்ள நால்வராக 1972 இல் வெளியிட்ட நூலும் அதன் அடித்தளம். அந்த நாகேஸ்வரி இராசரத்தினம் என்ற பெயரை முதன்முதலாக நூலட்டையில் காணும் தமிழ் மாணவர் எவரும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காராமல் இருப்பதில்லை.

அதை முழுமையாகச் செய்யப் பெரிய வசதி தேவையில்லை. நாற்பது ஐம்பது தாய்மாரை எடுத்து, ஒவ்வொருவரையும் இரு உதவியாளர்களும் இரு வெவ்வேறு நாட்களில் காணும்படி ஒழுங்கு செய்யுங்கள். பாதிப்பேருக்கு உள்ளூர்ப் பெண் முதலில், வெளியூர்ப் பெண் பின்னர். மற்றப் பாதிக்கு மறுதலையாக. இன்னொரு சிறு குழுவை இரு நாளும் ஒருவரே காணட்டும். இடைவெளி மூன்று கிழமை வேண்டாம். உங்கள் வினாக்கள் கடந்த ஒரு கிழமையைப் பற்றிக் கேட்பவை என்றால், மூன்று கிழமைக்குப் பின் கேட்பது முற்றிலும் வேறொரு காலத்தைப் பற்றிய விடையைத்தான் தரும். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 கடந்த இரண்டு கிழமையைப் பற்றிக் கேட்பது. 2001 இல் அதை வெளியிட்டவர்கள் மறுமுறை கேட்டது 48 மணித்தியாலத்துக்குள், தொலைபேசியில். கிடைத்த இணைபு 0.84. அவர்கள் மூன்று கிழமை காத்திருந்தால் அந்த எண் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அதற்காக மறுநாளே போய் நின்றால் தாய்மார் முதல்நாள் சொன்னதை நினைவில் வைத்துச் சொல்வார்கள், குணகம் பொய்யாக ஏறும். உங்கள் தேவைக்கு நான்கு முதல் ஏழு நாள் இடைவெளி பொருத்தமாகத் தெரிகிறது. இடையில் வசூல் நாளோ கோயில் திருவிழாவோ குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறை அவதானத்தைப் பற்றி இதுவரை எவரும் பேசவில்லை. அதுதான் எனக்கு வினாக்கொத்தைவிட அதிக கவலை தருகிறது. நூற்றுக்கு எண்பத்தைந்து ஒத்துப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒதுங்கியிருத்தல் அரிதாக நடக்கும் நடத்தை. அரிய நடத்தையில் சதவீத உடன்பாடு ஏமாற்றிவிடும். 100 அவதான இடைவெளிகளை எடுப்போம். இருவரும் "ஒதுங்கியிருந்தது" என்று எழுதியவை 3. இருவரும் "இல்லை" என்று எழுதியவை 83. முதலாமவர் மட்டும் ஓம் என்றவை 7, இரண்டாமவர் மட்டும் ஓம் என்றவை 7. உடன்பாடு 86 சதவீதம், பார்வைக்கு அழகான எண். ஆனால் இருவரும் தலா 10 இடங்களில் ஓம் என்றும் 90 இடங்களில் இல்லை என்றும் எழுதியிருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் 82 இடங்களில் ஒத்துப்போயிருப்பார்கள். தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கோகெனின் கப்பா, 1960 இல் வந்தது, இங்கே 0.22 மட்டுமே. நமக்கு வேண்டிய நடத்தையைக் கண்டதாக ஒருவராவது சொன்ன 17 இடங்களில் இருவரும் சேர்ந்து கண்டது 3 இடத்தில்தான் என்பதைப் பார்த்தால் அந்தச் சிறிய எண் ஏன் என்று விளங்கும்.

உங்கள் அவதானிகளுக்கு "ஒதுங்கியிருத்தல்" என்பதை எப்படி வரையறுத்துக் கொடுத்தீர்கள்? அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால், ஒருவர் அமைதியான பிள்ளையையும் மற்றவர் தனியாக இருக்கும் பிள்ளையையும் குறித்திருப்பார். "இடைவேளையில் மற்றப் பிள்ளைகளுக்குக் கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில், எவரோடும் பேசாமல், எவரையும் பார்க்காமல், பதினைந்து விநாடியும் தொடர்ந்து இருந்தால் மட்டும் குறிக்க" என்ற அளவுக்கு எழுத வேண்டும். பிள்ளை தண்ணீர் குடிக்கக் குழாயடியில் நிற்பது இதில் சேருமா, கொப்பி எழுதி முடிக்காததால் ஆசிரியர் மறித்து வைத்திருப்பது சேருமா என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வையுங்கள். உடன்பாடு குலைவது பெரும்பாலும் இத்தகைய எல்லைக்கோட்டு இடங்களில்தான்.

எந்தப் பிள்ளையின் தாய்க்கு அதிக புள்ளி வந்தது என்பது அவதானிகளுக்குத் தெரியவே கூடாது. ரோசென்தாலும் ஃபோடும் 1963 இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரே வகை எலிகளை மாணவர்களிடம் கொடுத்து, சிலரிடம் இவை புத்திசாலி எலிகள் என்றும் சிலரிடம் இவை மந்த எலிகள் என்றும் சொன்னார்கள். புத்திசாலி எனப்பட்ட எலிகளே சிக்கல்வழியை நன்றாகக் கற்றதாகப் பெறுபேறு வந்தது. எலிக்கே இப்படியென்றால், தாயின் கதையை முதல்நாள் திண்ணையில் இருந்து கேட்டுவிட்டு மறுநாள் பிள்ளையைப் பார்க்கப் போகும் உதவியாளரின் கண்ணுக்கு என்ன நேரும்? உடன்பாட்டைத் தொடக்கத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டு விட்டுவிடவும் வேண்டாம். சோதிக்கப்படுவதாகத் தெரிந்திருக்கும்போது கவனமாக எழுதும் அவதானிகள், தனியே எழுதுகிறோம் என்று நினைக்கும்போது தளர்ந்துவிடுகிறார்கள் என்பதை ஜோன் ரீட் 1970 இலேயே காட்டியிருக்கிறார். அறிவிக்காமல் இடையிடையே இரண்டாமவரை அனுப்புங்கள்.

வற்றாப்பளையான் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முள்ளிவாய்க்கால்வரை போய் வந்த ஒரு சமூகத்தின் மனத்தை நான்கு கட்டங்களில் புள்ளடி இட்டு அளக்க முடியும் என்பதையே நான் ஏற்கவில்லை. 0.5 ஐ 0.8 ஆக்கிவிட்டால் அந்தத் தாயைப் பற்றி அதிகம் அறிந்துவிடுவீர்களா? உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதிய கட்டுரை பண்புசார் முறையிலேயே செய்யப்பட்டது. குடும்பமும் ஊரும் சேர்ந்து குலைந்ததை அது காட்டியது. எந்த வினாக்கொத்தின் மொத்தப் புள்ளியிலும் அது அகப்பட்டிருக்காது.

முத்தையன்கட்டு_வாத்தியார் எழுதியது:

தம்பி சொல்வதில் ஒரு பாதி எனக்குச் சம்மதம். நம்பகத்தன்மை உயர்ந்துவிட்டதால் சரியான பொருளைத்தான் அளக்கிறோம் என்று ஆகாது. தவறான ஒன்றையும் மிக ஒழுங்காக அளந்துகொண்டே இருக்கலாம். அந்தத் தாய்மாரின் துயரம் 24 வினாக்களுக்குள் அடங்குமா என்பது ஏற்புடைமை பற்றிய கேள்வி, அதை நீங்கள் எழுப்புவது நியாயமே.

மறுபாதியில் உடன்பாடு இல்லை. பண்புசார் ஆய்வில் இந்தத் தொல்லை கிடையாது என்று நினைப்பது தவறு. அங்கே அது எண்ணாக வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒரே நேர்காணலின் எழுத்துப்படியை இருவரிடம் கொடுத்துக் கருப்பொருள்களைப் பிரிக்கச் சொன்னால், ஒருவர் "இழப்பு" என்று வைத்த பந்தியை மற்றவர் "கோபம்" என்று வைப்பார். அந்த வேறுபாட்டை மேசையில் வைத்துப் பேசித் தீர்த்து, எப்படித் தீர்த்தோம் என்பதையும் எழுதி வைப்பவரின் ஆய்வையே நான் நம்புவேன்.

எண்களை ஏன் விட முடியாது என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறேன். எத்தனை பேருக்கு உதவி தேவை என்ற கேள்விக்கு யாராவது விடை சொல்லத்தான் போகிறார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 இல் தரவு சேகரித்து 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, மனவடுவுக்குப் பின்னான நெருக்கீட்டு நோய் 7.0 சதவீதம், பதகளிப்பு 32.6 சதவீதம், மனச்சோர்வு 22.2 சதவீதம் என்று அறிவித்தது. இத்தகைய எண்களைக் கொண்டுதான் எங்கே எத்தனை உளவளத்துணையாளர் வேண்டும் என்று பேசுகிறோம். அளவீடு பிசகினால் என்ன ஆகும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். 1000 தாய்மாரில் உண்மையில் 100 பேருக்கு நோய் இருக்கிறது. வினாக்கொத்து நோயுள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேரைப் பிடிக்கிறது, நோயற்றவர்களில் பத்துக்கு ஒருவரைத் தவறாகப் பிடிக்கிறது. 80 பேரும் 90 பேருமாக 170 பேர் பட்டியலில் வருவார்கள். அறிக்கையில் 17 சதவீதம் என்று போகும், அதில் பாதிக்கு மேல் நோயற்றவர்கள். விடுபட்ட 20 பேரை எவரும் தேடவும் மாட்டார்கள்.

வற்றாப்பளையான் எழுதியது:

அந்த 20 பேர் பற்றிய வரி எனக்கும் விளங்குகிறது, ஐயா. ஆனால் வெறும் எண்ணோடு போகும் அறிக்கையை இன்னமும் ஏற்க மாட்டேன். குறைந்தது ஒரு சில தாய்மாரிடமாவது, வினாக்கொத்துக்கு விடை சொல்லும்போது என்ன நினைத்துச் சொன்னீர்கள் என்று உட்கார்ந்து கேட்கட்டும்.

மல்லாவி_களப்பணி எழுதியது:

அது அவசியம் செய்ய வேண்டியது. முன்னோடி ஆய்வில் பத்துப் பன்னிரண்டு பேரிடம் வினாவை வாசித்து, "இதற்கு ஏன் இந்த விடை" என்று விசாரித்தாலே பாதிக் கோளாறு வெளிவந்துவிடும். "அடிக்கடி" என்றால் ஒருவருக்குக் கிழமைக்கு ஒருநாள், இன்னொருவருக்கு ஒவ்வோர் இரவும். நாட்கணக்கில் கேளுங்கள், விடைகள் நிலைப்படும்.

தங்கச்சிக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆய்வு முடிந்ததும் அதிக புள்ளி எடுத்த தாய்மாரின் பெயர்களைத் தாருங்கள், நாங்கள் போய்ப் பார்க்கிறோம் என்று யாராவது நல்ல மனத்தோடு கேட்பார்கள். என்ன சொல்லப் போகிறீர்கள்?

ஓமந்தை_அவதானி எழுதியது:

அதற்கு விடை சொல்ல உதவுவது அளவீட்டின் நியம வழு, அதாவது ஒருவர் பெற்ற புள்ளி அவருடைய உண்மைப் புள்ளியிலிருந்து வழமையாக எவ்வளவு விலகும் என்ற அளவு. புள்ளிகளின் நியம விலகல் 8, நம்பகத்தன்மை 0.75 என்று வைத்தால் நியம வழு 4. 20 புள்ளி எடுத்த தாயின் உண்மைப் புள்ளி ஏறத்தாழ 12 இற்கும் 28 இற்கும் இடையில் எங்கும் இருக்கலாம். வெட்டுப்புள்ளி 20 என்றால், 19 எடுத்தவரை விட்டுவிட்டு 21 எடுத்தவரை அனுப்புவதில் நியாயம் இல்லை. குழுக்களை ஒப்பிடப் போதுமான அளவீடு தனி ஆளைத் தெரிவு செய்யப் போதாது, வாத்தியார் ஐயா குறிப்பிட்ட 0.90 உம் 0.95 உம் இதற்காகத்தான். பெயர்ப்பட்டியல் கொடுக்காதீர்கள். நேர்காணலின்போதே துன்பத்தில் இருப்பதாகத் தெரியும் தாய்க்கு, அவருடைய புள்ளி எதுவாக இருந்தாலும், அவர் விரும்பினால் உளவளத்துணைக்கு வழிகாட்டும் ஏற்பாட்டை இப்போதே செய்துவையுங்கள்.

கண்டாவளை_மாணவி எழுதியது:

மிக்க நன்றி. கடைசியாக இரண்டு ஐயங்கள். சில வினாக்களை நீக்கினால் அல்பா இன்னும் உயரும் என்று மென்பொருள் காட்டுகிறது, நீக்கலாமா? மற்றது, இந்த வேலைகளுக்கு மேலும் இரண்டு மாதம் பிடிக்கும். மேற்பார்வையாளரிடம் அதை எப்படி நியாயப்படுத்துவது?

முத்தையன்கட்டு_வாத்தியார் எழுதியது:

மென்பொருள் காட்டுகிறது என்பதற்காக நீக்க வேண்டாம். அந்த வினா மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்பது, அது வேறு எந்த வினாவும் தொடாத ஒரு பக்கத்தைத் தொடுவதனாலும் இருக்கலாம். வினாவை வாசித்துப் பார்த்து, தாய்மார் அதை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்ட பிறகு முடிவெடுங்கள். நீக்கினால், புதிய அல்பாவைப் பழைய தரவில் கணிக்காமல் புதிய ஆட்களிடம் கணியுங்கள். அதே தரவில் தெரிந்தெடுத்து அதே தரவில் சோதித்தால் எண் எப்போதும் அழகாகவே வரும். அல்பாவோடு ஒமேகா என்ற இன்னொரு நம்பகத்தன்மைக் குணகத்தையும் கணித்து இரண்டையும் எழுதுங்கள். வினாக்கள் எல்லாம் சமமாகப் பங்களிக்கின்றன என்ற எடுகோள் அதற்குத் தேவையில்லை.

மேற்பார்வையாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தாய்மாரின் உளநெருக்கீட்டுக்கும் பிள்ளையின் ஒதுக்கத்துக்கும் இடையே உண்மையான இணைபு 0.4 என்று வைப்போம். இரு அளவீட்டின் நம்பகத்தன்மையும் 0.5 ஆக இருந்தால், தரவில் தெரியக்கூடிய இணைபு 0.2 மட்டுமே. 0.4 ஐ வழமையான ஐந்து சதவீத மட்டத்தில், நூற்றுக்கு எண்பது வாய்ப்போடு கண்டறிய ஏறத்தாழ 47 பேர் போதும். 0.2 ஐக் கண்டறிய ஏறத்தாழ 194 பேர் வேண்டும். அளவீட்டைத் திருத்தாமல் களத்துக்குப் போவதன் விலை அதுதான்: நான்கு மடங்கு வீடுகள், நான்கு மடங்கு தாய்மாரின் நேரம், உதவியாளர் கூலி, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய். 2015 இல் சயன்ஸ் இதழில் வெளியான கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளை மீளச் செய்தபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளிவிபர ரீதியில் பொருளுள்ள முடிவைக் காட்டியிருக்க, மீளாய்வுகளில் 36 சதவீதமே அப்படிக் காட்டின. அதற்குக் காரணங்கள் பல என்றாலும், சிறிய மாதிரியும் தளர்ந்த அளவீடும் சேர்ந்த ஆய்வில் தற்செயலாகக் கிடைத்த பெறுபேறு மீண்டும் கிடைக்காமல் போவது வியப்பல்ல.

இரண்டு மாதம் தர மறுத்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஒவ்வொரு தாயையும் ஒரு தரத்துக்குப் பதிலாக ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு தரம் கண்டு சராசரி எடுங்கள். ஒரு சந்திப்பின் நம்பகத்தன்மை 0.5 என்றால் இரண்டின் சராசரிக்கு 0.67, மூன்றின் சராசரிக்கு 0.75. நானூறு வீட்டுக்கு ஒரு தரம் போவதைவிட, இருநூறு வீட்டுக்கு இரண்டு தரம், ஒருமுறை உள்ளூர்ப் பெண்ணும் ஒருமுறை வெளியூர்ப் பெண்ணுமாகப் போவது உங்கள் ஆய்வுக்கு நல்லது. எரிபொருள் செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கண்டாவளை_மாணவி எழுதியது:

இருநூறு வீடு, இரண்டு தரம் என்ற ஒழுங்கையே எழுதிக் கொடுக்கப் போகிறேன், ஐயா. போய்விட்ட உதவியாளருக்குப் பதிலாகத் தர்மபுரத்துக்கு வெளியே இருந்து ஒருவரைத் தேட வேண்டும். அவதான வரையறையைத் திருத்தி எழுதியதும் இங்கேயே இடுகிறேன், ஓமந்தை அண்ணா ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள்.